பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில் ‘டக்’ ஓசை: டிஃபரன்ஷியலைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

நீங்கள் எழுதியதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இருபது ஆண்டுகளைத் தாண்டிய டீசல் வண்டி, மேனுவல் கியர்பாக்ஸ், நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை செல்லும் அமைப்பு, முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங். முதல் இரண்டு கியர்களில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி அழுத்தினால் அடியிலிருந்து ‘டக்’ என்று ஓசை வருகிறது. வண்டி நிற்கும்போது பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை (பின் ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுசெல்லும் நீளத் தண்டை) கையால் திருப்பினால் நன்றாக ஆடுகிறது. அதைப் பார்த்த மெக்கானிக், பின் டிஃபரன்ஷியலில் (இழுவையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதியில்) கிரவுன் எனும் பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் எனும் சிறு கியரும் தேய்ந்துவிட்டன, மாற்றியாக வேண்டும் என்கிறார். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி, ஷாஃப்ட் அவ்வளவு ஆடுவது டிஃபரன்ஷியல் கெட்டதற்குச் சான்றாகுமா என்பது. ஆகாது. டிஃபரன்ஷியல் கெட்டிருக்கவும் கூடும்; ஆனால் இதுவரை உங்களுக்குக் காட்டப்பட்டதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர இயலாது. பல ஆண்டுகளாக இத்தகைய வண்டிகளைப் பழுதுபார்த்து வருகிறவன் என்ற முறையில், எங்கே எப்படி அளக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் கைக்குத் தெரியும் ஆட்டம் ஓர் இடத்தின் தேய்மானம் மட்டும் அன்று. பல இடங்களில் உள்ள சிறு சிறு ப்ளேக்கள் (தளர்வுகள்) கூடி வந்த மொத்தம். ஷாஃப்டுக்கும் டயருக்கும் நடுவே யுனிவர்சல் ஜாயிண்ட் (சாய்வான கோணத்திலும் சுழல விடும் இணைப்பு), பினியன்–கிரவுன் பற்கள், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்கள், ஆக்ஸில் ஷாஃப்டின் உள்முனை ஸ்ப்லைன் (நீளவாக்கில் வெட்டிய பற்களால் ஆன இணைப்பு), வெளிமுனையில் சக்கர மையமான ஹப்போடு இணையும் டிரைவ் ஃபிளேஞ்சின் ஸ்ப்லைன் என்று ஐந்து இடங்களில் இடைவெளி உண்டு. சக்கரப் பக்கத்தில் இருக்கும் எந்த ஆட்டமும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு வரும்போது இறுதி கியர் விகிதத்தால் (கிரவுன் ஒருமுறை சுற்ற பினியன் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதால்) பெருகியே தெரியும். அந்த விகிதம் 4க்கு 1 என்றால், சக்கர முனையில் 1 பாகை ஆட்டம் ஷாஃப்டில் 4 பாகையாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரவுன் வீலின் விட்டம் 200 மி.மீ., பற்களுக்கு இடையேயான பேக்லாஷ் (இடைவெளி) 0.2 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கிரவுன் வீல் திரும்பக்கூடியது 0.11 பாகை அளவுதான்; பினியனில் அது 0.5 பாகையைக்கூடத் தொடாது. இனி டிரைவ் ஃபிளேஞ்சைப் பாருங்கள். அங்குள்ள ஸ்ப்லைனின் விட்டம் 30 மி.மீ. அளவில் இருந்து, இரு பக்கமும் 0.3 மி.மீ. தேய்ந்திருந்தால், சக்கர முனையில் 1 பாகைக்கு மேல், ஷாஃப்டில் 4 பாகைக்கு மேல் ஆட்டம் வரும். இதையே திருப்பியும் கேட்கலாம்: உங்கள் ஷாஃப்ட் 10 பாகை ஆடுகிறது, அது முழுவதும் கிரவுன்–பினியன் தேய்ந்ததால்தான் என்றால், பற்களுக்கு இடையே 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தேய்ந்த பற்களோடு வண்டி ஊளையிடாமல் ஓடவே ஓடாது. வேகத்தில் ஊளை எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பெரும்பங்கு வேறெங்கோ இருக்கிறது என்பதை அளக்காமலே ஓரளவு துணிந்து சொல்லலாம். எந்த இடத்தில் என்பதைத்தான் அளந்து காண வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் அளவு வேறு, ஓசையின் வலு வேறு. காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போது, இடைவெளி முழுவதும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மூடும் வரை எஞ்சினுக்குச் சுமையே இல்லை. அந்தக் கணநேரத்தில் அது வேகம் பிடித்துவிடுகிறது. இடைவெளி மூடியதும் அந்த வேகம் சட்டென்று நிறுத்தப்படுவதால் அடி விழுகிறது. தாழ்ந்த கியரில் சக்கரப் பக்கத்து ஆட்டம் எஞ்சினுக்கு இன்னும் அகலமாகத் தெரியும், முறுக்குவிசையும் பெருகியிருக்கும். அதனால் முதல் இரண்டு கியர்களில் ஓசை பலமாகவும் நான்காவது, ஐந்தாவதில் கேட்காமலும் இருப்பது இயல்பு. அதை வைத்துக் கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அகலமான ஆட்டம் ஓசையே இல்லாமல் இருப்பதும், துளி ஆட்டம் சுத்தியலால் அடித்ததுபோல ஒலிப்பதும் உண்டு. சேஸிஸின் இரும்பை நேராகத் தட்டும் ஒரு பழைய ரப்பர் புஷ், தேய்ந்த டிஃபரன்ஷியலைவிட உரக்கக் கேட்கும்.

இனி அளக்கும் முறை. சமதரையில் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியின்) பின்புறம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மீதே இருக்கும். அதை விடுவிக்காமல் ஷாஃப்டை ஆட்டிப் பார்க்க முடியாது, விடுவித்தால் வண்டியைப் பிடித்திருப்பது கட்டை மட்டுமே. டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை நியூட்ரலில் வையுங்கள். பின் டிஃபரன்ஷியலின் பினியன் ஃபிளேஞ்ச் மீதும் அதை ஒட்டிய உறையின் மீதும் நேர்கோடாகச் சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். ஷாஃப்டை ஒரு பக்கம் நிற்கும் வரை திருப்பி ஒரு குறி, மறு பக்கம் திருப்பி ஒரு குறி. 100 மி.மீ. விட்டமுள்ள ஃபிளேஞ்சின் ஓரத்தில் 1 பாகை என்பது ஏறத்தாழ 0.9 மி.மீ.; ஆகவே 9 மி.மீ. நகர்ந்தால் 10 பாகை. முன் ஆக்ஸிலுக்கும் இதையே செய்யுங்கள். மெல்லத் திருப்ப வேண்டும். வேகமாக உதறினால் டயரின் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு அளவைக் கூட்டிவிடும். முன், பின் இரண்டின் அளவும் கிடைத்த உடனேயே ஓரளவு தெளிவு வந்துவிடும். பின்னால் 12 பாகை, முன்னால் 11 பாகை என்று வந்தால், பின் டிஃபரன்ஷியலை மட்டும் மாற்றி எதையும் சாதிக்கப் போவதில்லை.

அடுத்து ஹப். முழு மிதவை ஆக்ஸிலாக (வண்டியின் எடையை ஆக்ஸில் ஷாஃப்ட் சுமக்காத வகையாக) இருந்தால் சக்கரத்தின் நடுவில் உள்ள சிறு மூடியை நெம்பி எடுத்துவிடலாம். உள்ளே டிரைவ் ஃபிளேஞ்சும், அதன் நடுவில் ஆக்ஸில் ஷாஃப்டின் முனையும் தெரியும். முனையிலிருந்து ஃபிளேஞ்சுக்கு ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டு, இன்னொருவரை ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை ஆட்டச் சொல்லுங்கள். ஃபிளேஞ்ச் அசையாமல் நிற்க, ஷாஃப்டின் முனை மட்டும் இங்கும் அங்கும் திரும்பி கோடு உடைந்து உடைந்து சேருவதைக் கண்ணாலேயே காணலாம். அங்கே கிரீஸுக்குப் பதிலாகச் செம்பழுப்பில் பசை போன்ற துரு இருந்தால் வேறு சான்று தேவையில்லை: உலர்ந்த ஸ்ப்லைன் ஒன்றையொன்று அரைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. நான் பார்த்தவரை பழைய வண்டிகளில் ஆட்டத்தின் பெரும்பங்கு கிடைக்கும் இடம் இதுதான். எல்லா வண்டியிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மூடியைக் கழற்றும் வேலைதான் என்பதால் இதை முதலில் பார்ப்பதில் இழப்பு இல்லை. ஃபிளேஞ்சை மாற்றும்போது ஷாஃப்டின் பற்களையும் நகத்தால் தடவிப் பாருங்கள். பல் நடுவில் படி வெட்டியதுபோல் இருந்தால், புது ஃபிளேஞ்ச் மட்டும் போட்டு நெடுநாள் ஓடாது. ஷாஃப்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

ஹப்பின் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவது டிஃபரன்ஷியலுடையதும் உள்முனை ஸ்ப்லைனுடையதும். இங்கே மேலும் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. வண்டியைத் தூக்காமலே இரு பக்க ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் ஓரளவு வெளியே இழுத்துவிடுங்கள். இப்போது கிரவுன் வீலைப் பிடித்திருப்பது எதுவும் இல்லை. பினியன் ஃபிளேஞ்சை இரு விரல்களால் மெதுவாகத் திருப்பினால், முதலில் மயிரிழை அளவு சும்மா வரும், பிறகு ‘டிக்’ என்று கிரவுன் வீலின் கனம் விரலில் ஏறும். அந்த மயிரிழைதான் கிரவுன்–பினியன் பேக்லாஷ். கனம் ஏறும் முன் ஃபிளேஞ்சில் 1 பாகைக்கும் குறைவாகவே வந்தால், அந்த ஜோடியை மாற்றச் சொல்வதற்கு ஆட்டத்தைக் காரணமாகக் காட்ட முடியாது. சரியான அளவுக்கு உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டையே நம்புங்கள். அளப்பதென்றால் டயல் கேஜ் வைத்துக் கிரவுன் பல்லிலேயே அளக்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் உண்மையிலேயே கெட்டிருந்தால் அது வேறு விதங்களில் வாய் திறக்கும். பினியன் ஃபிளேஞ்சை மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். அந்தத் திசையில் துளி அசைவும் இருக்கக் கூடாது. அசைந்தால் பினியன் பேரிங் தளர்ந்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு ஓட்டுவது நல்லதல்ல. ஆயிலை வடித்து, காந்தம் உள்ள டிரெயின் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பான பசை எல்லா வண்டியிலும் இருக்கும். விரலுக்கு உறுத்தும் செதில்களோ பல்லின் துணுக்கோ இருந்தால் திறந்தே ஆக வேண்டும். ஆயிலில் வெண்கல நிறப் பொடி மினுக்கினால் உள்ளிருக்கும் சிறு கியர்களின் அடியில் போடும் வாஷர்கள் தேய்கின்றன என்று கொள்ளலாம்; அங்கு ஆட்டம் கூடுவதற்கு அது வழக்கமான காரணம், கிரவுன்–பினியனைத் தொடாமலே சரிசெய்யக்கூடியதும்கூட. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ வரும் ஊளை, பல் அல்லது பேரிங்கைச் சுட்டும். ‘டக்’ ஓசை மட்டும் தனியாக அவற்றைச் சுட்டாது.

யுனிவர்சல் ஜாயிண்டுகளைப் பலரும் கையால் ஒருமுறை ஆட்டிவிட்டு நன்றாக இருப்பதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஜாயிண்டின் இரு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். பிறகு ஒரு சிறு நெம்புகோலால் நான்கு கப்புகளையும் (பேரிங் மூடிகளையும்) தனித்தனியாக நெம்புங்கள். கப்பின் விளிம்பைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் நுண்பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங்குகள் உலர்ந்து துருவாகிக்கொண்டிருக்கின்றன. கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்புகளிலிருந்தும் புது கிரீஸ் பிதுங்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. ஜாயிண்டை மெல்ல மடக்கி நிமிர்த்தும்போது நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுவதுபோல் தடுக்கினால், ப்ளே தெரியாவிட்டாலும் கிராஸை (ஜாயிண்டின் நடுவில் உள்ள சிலுவை வடிவத் துண்டை) மாற்றிவிடுங்கள். கழற்றுவதற்கு முன் ஷாஃப்டின் இரு பாதிகளிலும் ஃபிளேஞ்சுகளிலும் குறி போட மறக்க வேண்டாம். பெரும்பாலான ஷாஃப்டுகளில் இரு முனை யோக்குகளும் (கவை வடிவ முனைகளும்) ஒரே கோட்டில் இருக்க வேண்டும். சில வண்டிகளின் முன் ஷாஃப்டில் மட்டும் தயாரிப்பாளரே வேண்டுமென்று விலக்கி வைத்திருப்பார். குறி இல்லாமல் மாட்டினால் புதிதாக ஓர் அதிர்வு வந்து, ஆய்வு முழுவதும் குழம்பிவிடும்.

அதே ஷாஃப்டில் நீளும் சுருங்கும் ஸ்லிப் ஸ்ப்லைன் இருக்கிறது. அது உலர்ந்தால் வண்டி நின்ற பிறகு, அல்லது நின்று கிளம்பும் கணத்தில், ஒரே ஒரு ‘டொக்’ வரும். உங்கள் ஓசை ஓடும்போது காலை எடுத்து அழுத்துகையில் வருவதால் இது முதன்மைக் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கிரீஸ் அடித்துப் பார்ப்பது எளிது. அளவோடு அடியுங்கள். உள்ளே நிரம்பிவிட்டால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் பேரிங்குகளைத் தள்ளும்.

இவையெல்லாம் சுழலும் பாகங்கள். சுழலாதவற்றையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்னோக்கி இழுக்கும்போது பின் ஆக்ஸில் எதிர்த்திசையில் திரும்ப முயலும், டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழும்பும். காலை எடுத்ததும் கீழே விழும். அதைப் பிடித்து வைத்திருப்பவை இணைப்புக் கம்பிகளின் ரப்பர் புஷ்களும், சில வண்டிகளில் ஆக்ஸிலின் மேலே உள்ள பால் ஜாயிண்டும்தான். லீஃப் ஸ்பிரிங் வண்டியானால் ஷாக்கிள் புஷ்களும் யு-போல்ட்டுகளும். இவை தளர்ந்தால் ஷாஃப்டில் ஒரு பாகைகூட ஆட்டம் கூடாமல், முழு ஆக்ஸிலே தட்டும். அதே கணக்கில் எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டுகளும் சேரும். நெம்புகோலால் ஒவ்வொரு புஷ்ஷையும் நெம்பிப் பாருங்கள். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து ஒரு பிறை வடிவ வெடிப்பு திறந்து மூடினால் காரணம் கையில் கிடைத்த மாதிரிதான். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பேசியைச் சேஸிஸில் உறுதியாகக் கட்டி, கேமராவை அந்த இணைப்பின் பக்கம் திருப்பி, ஓசை வரும்படி சிறிது தூரம் ஓட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது யாரும் வண்டிக்கு அடியில் இருக்கக் கூடாது. இந்த வேலைக்கு முன், ஃபிளேஞ்ச் போல்ட்டுகள், புஷ் போல்ட்டுகள், சக்கர நட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிரேக் பேட் காலிப்பருக்குள் முன்பின் நகர்ந்து தட்டுவதும் உண்டு. மெல்ல ஓடும்போது பிரேக்கை இலேசாகத் தொட்டபடி ஓட்டினால் ஓசை நின்றுவிடும் என்பது அதற்கு அடையாளம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் பக்கத்தில் தொலைவிலிருந்து துணிந்து சொல்லக்கூடியது குறைவு. நியூட்ரலில் அளந்த பிறகு முதல் கியரில் போட்டு மீண்டும் அளவெடுங்கள். முன் ஷாஃப்டும் திரும்ப முடியாதபடி, முன், பின் ஷாஃப்டுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டிவைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளேஞ்சிலேயே குறி வையுங்கள். அப்போது தெரிவதில் இரு ஆக்ஸில்களின் ஆட்டமும் கலந்திருக்கும் என்பதால், தூய அளவு வேண்டுமானால் இரு ஷாஃப்டுகளையும் கழற்றிவிட்டே அளக்க வேண்டும். சென்டர் டிஃபரன்ஷியலின் வாஷர் தேய்மானம் இங்குதான் வெளிப்படும். லேண்ட் ரோவரின் டிஃபெண்டர், டிஸ்கவரி வகைகளில் உள்ள எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இன்னொரு பலவீனம் தெரிந்ததே: கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளீட்டு கியருக்குள் நுழையும் ஸ்ப்லைன் ஆயில் போதாமல் தேய்ந்துவிடும். கேஸின் பின்புறம் உள்ள பி.டி.ஓ. மூடியை (பிற கருவிகளுக்கு இழுவை எடுக்கும் வாயின் மூடியை) கழற்றினால் அந்த முனையைப் பார்க்கலாம். அங்கு ஷாஃப்டும் கியரும் தனித்தனியாக ஆடினால் தள்ளிப்போடாதீர்கள். முற்றிலும் தேய்ந்தால் வண்டி நடுவழியில் இழுவையை இழந்துவிடும்.

சாலையில் செய்யும் சோதனை கடைசியாக. மண்ணோ சரளையோ உள்ள தளர்ந்த தரையில் சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டி, ஓசையை ஒப்பிடுங்கள். ஓசை கணிசமாகக் குறைந்தால், சென்டர் டிஃபரன்ஷியலின் உள் ஆட்டமோ, இரு ஆக்ஸில்களில் அதிகம் தளர்ந்ததோ காரணமாகலாம். எது என்பதை இந்தச் சோதனை மட்டும் பிரித்துக் காட்டாது. பிரிக்க வேண்டுமானால் பின் ஷாஃப்டைக் கழற்றி, பூட்டிய நிலையில் முன் ஆக்ஸிலால் மட்டும் மெல்லச் சிறிது தூரம் ஓட்டலாம். பிறகு முன் ஷாஃப்டைக் கழற்றிப் பின்னால் மட்டும். கழற்றிய நிலையில் பூட்டை விடுவித்தால் வண்டி நகராது என்பதோடு, கழற்றியது பின் ஷாஃப்ட் என்றால் அதில் உள்ள ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. ஆகவே அப்போதும் கட்டை வேண்டும். இறுகிய தார்ச் சாலையில் இரு ஷாஃப்டும் மாட்டியிருக்கும்போது பூட்டிக்கொண்டு திருப்பங்களில் ஓட்ட வேண்டாம். அமைப்பு முறுக்கேறி, இல்லாத சேதத்தையும் உண்டாக்கும்.

செலவு செய்யும் வரிசையில் என் கருத்து இது: முதலில் போல்ட்டுகள், கிரீஸ், அடுத்து புஷ்களும் மவுண்டுகளும், பிறகு டிரைவ் ஃபிளேஞ்சுகளும் தேய்ந்த கிராஸும், அதன் பின்னும் மிஞ்சினால் மட்டும் டிஃபரன்ஷியலின் உட்புறம். ஓடித் தேய்ந்த கிரவுனையும் பினியனையும் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்றி நெருக்கி ஆட்டத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்தப் பற்கள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உராய்ந்து பழகியவை. இடம் மாற்றினால், அமைதியாக இருந்தது ஊளையிடத் தொடங்கும். எல்லாம் செய்த பிறகும் ஓரளவு ஆட்டம் இருக்கவே செய்யும். இத்தனை கியர்களும் ஸ்ப்லைன்களும் உள்ள அமைப்பு புதிதிலேயே முழு இறுக்கமாக இருந்ததில்லை.

நான்கு அளவுகளை எடுத்து இங்கே எழுதுங்கள்: நியூட்ரலில் முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் இரண்டின் ஆட்டம் மி.மீ.யில், கூடவே ஃபிளேஞ்சின் விட்டம். இடது, வலது பின் ஹப்புகளில் ஷாஃப்ட் முனை தனியாகத் திரும்பும் அளவு. டிரெயின் பிளக்கின் படம் ஒன்றும் இருந்தால் நல்லது. அவை கிடைத்தால், டிஃபரன்ஷியலைத் திறக்கத்தான் வேண்டுமா என்பதை இப்போது சொல்வதைவிட உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை மெக்கானிக்கிடம் பாகம் எதையும் வரவழைக்கச் சொல்ல வேண்டாம்.